பார் காத்த அரசுகள்

கட்டுமாவடிக் கரையில் நின்று நோக்கினால் பாக்கு விரிகுடா, கடல் என்பதைக் காட்டிலும் அலையடங்கிய ஏரி என்றே தோன்றும். சேறும் கடற்புல்லுமாய் ஆழமற்றுக் கிடக்கும் நீர்ப்பரப்பு அது. முத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதே விரிகுடாவில், தெற்கே தொண்டிக் கடலில், 1914-இல் முத்துக்குளிப்பு நடந்திருக்கிறது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் அதைக் குறித்துத் தனிக்கட்டுரையே எழுதினார். சிப்பித் திட்டுகளை அரசுகள் எதற்காகக் காத்தன என்ற கேள்விக்கு அந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது நல்லது.

பெரிய களம் மன்னார் வளைகுடாதான். தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில் கிடக்கும் பாறைத்தளங்களைக் குளிப்போர் 'பார்' என்பர். தோலாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. கொற்கை முத்தை வியந்தே பழகிய நாம், முத்து விளையும் அந்தத் தளத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ், கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு சென்றதை மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். பாருக்குக் காவல் இருந்தது உண்மை. அது கருவூலத்துக்கு இடும் காவலை ஒத்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இக்காவல் அறிவியலின் கோலம் பூண்டது. பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துகளை மதிப்பிட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறித்தார்கள். இளஞ்சிப்பியில் முத்து தேறாது. முதிர விட்டாலோ சிப்பி மடிந்துவிடும். ஆகவே பாரைப் பல ஆண்டுகள் மூடிவைப்பதும் உரிய பருவத்தில் திறப்பதும் ஒரு கலையாகவே வளர்ந்தது. இன்றைய மொழியில் இதைப் பாதுகாப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் நாட்காட்டியை வகுத்தது ஏலம்.

ஏலத்தின் கை ஓங்கினால் என்ன நேரும் என்பதை இலங்கைக் கரை காட்டிற்று. 1905-இல் அங்கே ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே அரசு தன் பார்களை ஒரு லண்டன் நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின, குத்தகை நொடித்தது. அளவிறந்த அறுவடை ஒன்றையே காரணமாக்க முடியாது. திருக்கையும் கிளாத்தியும் சிப்பியைத் தின்னும். சூரன் என்னும் சிறு மட்டி பாய் பின்னியதுபோல் பாரைப் போர்த்தி இளஞ்சிப்பிகளை மூச்சடைக்கச் செய்யும். மணலும் பெயர்ந்து வந்து மூடும். சிப்பிக் குஞ்சுகளோ சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்த பிறகே ஓரிடத்தில் ஒட்டுகின்றன. நாட்டு எல்லை அவற்றுக்கு ஏது?

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர்குளிப்பு. ஜப்பானிய வளர்ப்பு முத்து அதற்குள் சந்தையைப் பிடித்துவிட்டிருந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973-இல் தூத்துக்குடியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். 1981-இல் சிப்பிக் குஞ்சு பொரிக்கும் நுட்பமும் கைகூடியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பொரிப்பகக் குஞ்சுகளைப் பார்களிலேயே விதைத்தார்கள். எடுப்பதற்கென்றே பார்களை நாடி வந்த அரசு அவற்றுக்குத் திருப்பிக் கொடுத்த நிகழ்ச்சியாக இதைக் கருதுகிறோம். வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். பழைய விளைச்சல் திரும்பவில்லை. 1986-இல் அமைந்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற நீரையும் காக்கிறது. முத்துப்பார்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு வெளியே ஆழத்தில் கிடக்கின்றன.

பாக்கு விரிகுடாவின் வடபகுதிக்கு முறை வந்தது 2022 செப்டம்பரில். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதிராம்பட்டினம் தொடங்கி அம்மாபட்டினம் வரை செல்லும் அந்நீர்ப்பரப்பின் கரையில்தான் கட்டுமாவடி இருக்கிறது. கடற்பசுவை ஏலம் விட முடியாது. அது மேயும் கடற்புல்லிலிருந்து கருவூலத்துக்குக் காசு வராது. அந்தப் புல்வெளியை நம்பி மீன்குஞ்சும் இறாலும் சிப்பியும் வாழ்கின்றன. அவற்றை நம்பிக் கரையில் சந்தை கூடுகிறது. முத்துக்காக அன்று ஆண்டுதோறும் சோதனைப் படகுகள் புறப்பட்டன. வருவாய் தராத இந்தப் புல்வெளியைப் பார்க்க அரசுப் படகு எத்தனை ஆண்டுகள் தவறாமல் வருகிறது என்பதைக் கட்டுமாவடிக் கரையோர் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.