குரல் மட்டும் வந்துசேர்ந்த காலம்

நகைச்சுவை நடிகரும் பாடகருமான சந்திரபாபு 1974 மார்ச் 8ஆம் திகதி காலமானார். கவிஞர் கண்ணதாசன் 1981 ஒக்டோபர் 17இல், சிக்காகோவில். ஒன்றரை ஆண்டுக்கு மேல் நினைவிழந்து கிடந்த நடிகை சாவித்திரி அதே ஆண்டு டிசம்பர் 26இல். மூவர் வாழ்விலும் குடி ஆழமாகக் கைவைத்திருந்தது. மூவரையும் கல்முனைக் கரையோரம் இன்றைக்கும் கொண்டாடுகிறது. இந்த மூன்று சாவுகளும் நடந்து முடிந்த பிறகே, 1982 பெப்ரவரி 15ஆம் திகதி, ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1979இல் ஆரம்பித்த சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்பைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள்ளேதான் தெரிந்தது. ஆகவே இந்த மூவரையும் கிழக்குக் கரை தியேட்டரிலும் வானொலியிலும் அறிந்ததே தவிர, அவர்களின் தள்ளாடிய நடையும் வீங்கிய முகமும் எந்த வீட்டுக்குள்ளும் வந்ததில்லை. மதுவை ஹராம் என்று விலக்கிய ஊர், குடிகாரன் என்று பெயரெடுத்தவன் வீட்டில் சம்பந்தம் பேச நூறு தரம் யோசிக்கும் ஊர், குடியால் சிதைந்த கலைஞர்களை இத்தனை காலம் நெஞ்சில் வைத்திருப்பது எப்படி? ரசிகன் மன்னித்துவிட்டான் என்பது வழக்கமான விடை. மன்னிக்க வேண்டுமானால் முதலில் குற்றம் கண்ணில் பட வேண்டும். அது படாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. ரசிகரின் நீடித்த அன்பைத் தாங்கி நின்றது அந்த வரலாறே, பெருந்தன்மை அல்ல.

மது இந்தக் கரைக்குப் புதுப்பொருள் இல்லை. பிரித்தானியர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமை பகுதி பகுதியாக ஏலத்தில் போனது; குத்தகைக்காரர் தவறணை திறந்தார், அரசு வருமானம் பார்த்தது. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கம் சேனநாயக்க சகோதரர்களை அரசியலுக்கு இழுத்துவந்த அளவுக்குத் தென்னிலங்கையில் பெருகியது. ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் முறையும் பின்னால் வந்தது. யாழ்ப்பாணத்தில் பல தவறணைகள் அப்படித்தான் மூடப்பட்டன. கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்தது; அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்குள் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்தப் பக்கத்து வயல்களின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. ஹிங்குராணையில் கரும்பும் சீனித் தொழிற்சாலையும் வந்தன. சீனி எடுத்து மிஞ்சிய பாகிலிருந்து மதுசாரமும் வடிக்கப்பட்டது. கள்ளு, சாராயம், கசிப்பு மூன்றும் அண்டை அயலில் இருந்தவை. குடிகாரன் எப்படி இருப்பான் என்பது ஊருக்கு நன்றாகத் தெரியும். கூலிக்காசை வழியிலேயே கரைத்துவிட்டு வெறியில் வருபவனைப் பார்த்து அது இரங்கியதைவிட இகழ்ந்ததே அதிகம். கண்ணில் பட்ட குடிகாரனுக்கு இகழ்ச்சி, படாத குடிகாரனுக்கு ஆராதனை. ஊரும் மார்க்கமும் பாவமும் ஒன்றாகவே இருக்க, தூரம் மட்டும்தான் வேறு.

அந்தத் தூரத்தை ஆக்கித் தந்தது வானொலி. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் பிறந்தது. வர்த்தக சேவை 1950இல் வந்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் மட்டமான சரக்கு என்று கருதி அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஒதுக்கினார். ஒதுக்கப்பட்டவை கடல் கடந்து கொழும்பில் குடியேறின. தமிழ்நாட்டு ரசிகனே தன் ஊர்ப் பாட்டைக் கேட்க இலங்கையைத் திருப்பவேண்டி வந்த விநோதம் அப்போதுதான் நடந்தது (கேஸ்கருக்கு இலங்கை வானொலி ஒரு சிலை வைத்திருக்கலாம்). எஸ். பி. மயில்வாகனம், பின்னர் பி. எச். அப்துல் ஹமீத் போன்றோரின் குரலில் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்ற விபரங்கள் வரும், பாட்டு வரும், அடுத்த பாட்டு வரும். எழுதியவர் நேற்றிரவு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பது வராது. சக்கை வடியிலேயே தங்கிவிடச் சாயம் மட்டும் கோப்பைக்கு வருவதுபோல, மனிதன் சென்னையில் தங்கிவிடக் குரல் மட்டும் கல்முனைக்கு வந்தது. தேநீர்க் கடையில் அதைக் கேட்டவர் எந்த ஹராமுக்கும் உடந்தையாக இருக்கவில்லை. அவருக்கு வாய்த்தது வாடையில்லாத குரல்.

சந்திரபாபுவின் வாழ்க்கையில் இதன் முழு விலையும் தெரிகிறது. 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். விடுதலைப் போராட்டக்காரரும் பத்திரிகை நடத்தியவருமான தந்தை ரொட்ரிக்சைப் பிரித்தானிய அரசு கைது செய்து கொழும்புக்கு நாடு கடத்தியது. பையன் வளர்ந்ததும் படித்ததும் கொழும்பில். 1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. மேல்நாட்டு இசையும் பைலாவும் கலந்து வீசிய துறைமுக நகரத்தின் காற்றை அவர் தொண்டையின் வளைவுகளில் கேட்கலாம் என்பது என் ஊகம். தமிழ்த் திரையில் அவருக்கு முன் யாரும் அப்படிப் பாடியதில்லை. 1958இல் ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடம் கட்டியபோது உச்சியில் இருந்தார். பிறகு மணவாழ்வு முறிந்தது. எம். ஜி. ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ நின்றுபோய்க் கடன் ஏறியது. 1966இல் தானே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ கைகொடுக்கவில்லை. மதுவோடு பெத்தடினும் சேர்ந்துகொண்டது. நாற்பத்தாறு வயதில், ஏழ்மையில் இறந்தார். அவர் சரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளிலும் வானொலி அவருடைய ஐம்பதுகளின் குரலைத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. கேட்பவரின் அன்பு ஒரு நாளும் குறையவில்லை. குறைய வழியில்லை, ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை அவருக்கு வயதும் ஏறவில்லை, நோயும் வரவில்லை. பாட்டு எத்தனை தரம் ஒலித்தாலும் பாடியவர் கைக்கு அதனால் ஒன்றும் போகாத காலம் அது. அன்பைக் காத்த அந்தத் தூரம் ஆளைக் காக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். திரையும் கடலும் இடையில் இல்லாத இடத்திலும், ஆயிரக்கணக்கானோர் கண்முன்னே ஆடும் விளையாட்டு வீரன் விஷயத்திலும் இதே அன்பு நீடித்திருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்க பேஸ்போல் வீரர் மிக்கி மாண்டில் அதற்குப் பொருத்தமான சான்று. 1951 முதல் 1968 வரை நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு ஆடி 536 ஹோம் ரன் அடித்தவர்; ஏழு உலகத் தொடர் வெற்றிகளில் பங்கேற்றவர். சுரங்கத் தொழிலாளியான தந்தை நாற்பது வயதளவில் புற்றுநோயில் போனதால் தனக்கும் ஆயுள் அவ்வளவுதான் என்று எண்ணிக் குடித்தவர். மைதானமும் இருந்தது, தொலைக்காட்சியும் இருந்தது, ஆனால் தெரியவேண்டியது தெரியவில்லை. அணியோடு ஒரே ரயிலில் போய், ஒரே விடுதியில் தங்கிய விளையாட்டு நிருபர்கள் அதை எழுதவில்லை. 1957 மே மாதம் கோப்பகபானா இரவு விடுதியில் நடந்த கைகலப்பு பத்திரிகைக்கு வந்தது உண்மை; வாலிபரின் கும்மாளமாக வந்தது, நோயாக வரவில்லை. 1970இல் பழைய சக வீரர் ஜிம் பூட்டன் ‘போல் ஃபோர்’ என்ற நூலில் மாண்டிலின் குடியைச் சொன்னபோது சினம் குடித்தவர்மேல் பாயவில்லை, எழுதியவர்மேல் பாய்ந்தது. அந்த விளையாட்டின் ஆணையாளர் பௌவி கூன் அவரை அழைத்து, எழுதியவை கற்பனை என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார். வானொலி கல்முனைக்குச் செய்ததை நிருபர் கூட்டம் அமெரிக்காவுக்குச் செய்தது.

மாண்டில் 1994இல் சிகிச்சை நிலையம் சென்று குடியை விட்டார்; வெளிப்படையாகப் பேசினார். 1995 ஜூன் 8ஆம் திகதி டலஸில் மாற்றுக் கல்லீரல் கிடைத்தது. பட்டியலில் சேர்ந்து இரண்டே நாளில் கிடைத்ததால் புகழுக்குச் சலுகையா என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஜூலையில் மெலிந்து ஒடுங்கிய உடலோடு நிருபர்முன் அமர்ந்து, என்னை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள் என்ற பொருள்படப் பேசினார். ஓகஸ்ட் 13இல் இறந்தார். உண்மை வெளிவந்தும் ரசிகர் விலகவில்லையே, அப்படியானால் மறைப்புக்கு என்ன முக்கியத்துவம் என்று யாரும் கேட்கலாம். வரிசையைக் கவனிக்கவேண்டும்: நாற்பது ஆண்டு அன்பு கட்டி முடிந்த பிறகு வந்தது உண்மை. 1956இல், அவர் மும்முடி வென்ற ஆண்டில், அது வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு விடையில்லை. 2022இல் அவருடைய 1952ஆம் ஆண்டுப் படஅட்டை ஒன்று 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு விலைபோனது. அந்த அட்டையில் இருப்பது இருபது வயது முகம்.

இன்னும் வலுவான மறுப்பு கண்ணதாசனிடமிருந்து வருகிறது. அவர் எதையும் மறைக்கவில்லை. ‘வனவாச’த்தில் தன் குடியையும் போக்கையும் தானே எழுதினார். வாசித்தவர்கள் வெறுக்கவில்லை, பட்டுத் தெளிந்தவன் பேசுகிறான் என்று இன்னும் நெருங்கினார்கள். ஆனால் ஒப்புதலும் ஒரு படைப்புத்தான். எதைச் சொல்வது, எந்தத் தொனியில் சொல்வது என்று தேர்ந்தவர் அவர். அதிலும் உடல் வரவில்லை, உரைநடை வந்தது. அந்த ஒப்புதலால் விளைந்த தீங்கு வேறு: குடித்ததால்தான் அப்படி எழுதினார் என்ற கதை கிளம்பியது. குடித்தவர் ஆயிரக்கணக்கில் இருக்கக் கண்ணதாசன் ஒருவரே என்பது அந்தக் கதையைச் சொல்பவருக்கு உறைப்பதில்லை. குடி என்ன கொடுக்கும் என்பதற்கு மாண்டிலின் கணக்கைப் பார்க்கலாம். முழங்கால் காயத்தோடு குடியும் சேர்ந்த கடைசி நான்கு பருவங்களில் ஒன்றிலும் அவர் சராசரி .300ஐத் தொடவில்லை, வாழ்நாள் சராசரியே .298க்கு இறங்கியதைச் சாகும்வரை சொல்லி வருந்தினார். சாவித்திரிக்கு இந்தச் ‘சலுகை’யும் கிடைக்கவில்லை. குடித்த ஆணுக்கு மேதை என்ற விளக்கம்; குடித்த பெண்ணுக்கு அவளைக் கெடுத்த ஆண் என்ற விளக்கம். 2018இல் வந்த ‘நடிகையர் திலகம்’ படமும் பெருமளவு இரண்டாவது வழியிலேயே போனது.

மார்க்கம் விலக்கியதைச் செய்தவனைப் போற்றுவது போலித்தனம் அல்லவா என்பது கல்முனையில் எழக்கூடிய கேள்வி. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1942இல் போர்க்கால உணவு உற்பத்திக்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இந்தக் கரையின் பிள்ளைகளுக்குக் கல்வி எட்டவில்லை என்று இங்கே கண்டுகொண்டதன் தொடர்ச்சியாக 1945இல் முஸ்லிம் மாணவர்க்கான புலமைப்பரிசில் நிதி பிறந்தது. அவர் கண்முன் இருந்த இலட்சியங்களில் ஒன்று அலிகார். அந்த அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் கீதம் உருதுக் கவிஞர் மஜாஸ் எழுதிய கவிதை. அஸீஸ் பிறந்த அதே 1911 ஒக்டோபரில் பிறந்த மஜாஸ், 1955 டிசம்பரில் லக்னோவில், குடித்தபின் மதுக்கடை மொட்டைமாடியில் குளிரில் விடப்பட்டு உயிரிழந்தவர். அவர் எப்படிச் செத்தார் என்று தெரிந்தே அந்தக் கீதத்தைப் பாடுகிறார்கள். அதற்கும் மேல், ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி இருக்கிறது: நபியவர்களைச் சிரிக்கவைக்கும் அப்துல்லாஹ் என்பவர், ஹிமார் என்று அழைக்கப்பட்டவர், குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டனைக்குக் கொண்டுவரப்படுகிறார். அருகில் நின்ற ஒருவர் அவரைச் சபிக்க, சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று நபியவர்கள் தடுக்கிறார்கள். தண்டனை நிற்கவில்லை, உறவும் அறவில்லை. போலித்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு இது போதிய பதில். ஆனால் என் வாதத்துக்கு இதுவே கடினமான எதிர்ச்சான்றும்கூட. மதீனாவில் அந்த மனிதருக்கும் மற்றவர்க்கும் இடையில் தூரமே இல்லை. எல்லோரும் அவரைக் கண்ணால் கண்டார்கள், அதன் பின்னும் அவர் அவர்களில் ஒருவராகவே இருந்தார். ஆகக் கண்டபின்பும் அன்பு நிற்க முடியும். நம் ரசிகர் வழக்கம் அந்தச் சோதனைக்கு அரை நூற்றாண்டாக உட்படவில்லை என்பதுதான் நான் சொல்வது.

இப்போது உட்படுகிறது. இந்தியக் கிரிக்கெட் வீரர் வினோத் காம்ப்ளியை இலங்கை நெருங்கிப் பார்த்த நாள்களில் ஒன்று 1996 மார்ச் 13ஆம் திகதி. கல்கத்தா ஈடன் தோட்டத்து உலகக் கிண்ண அரையிறுதியில் கூட்டம் குழப்பம் செய்ய, ஆட்டம் இலங்கைக்கென்று தீர்ப்பாக, பத்து ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நின்ற அவர் அழுதுகொண்டே வெளியேறினார். 1993இல் அடுத்தடுத்த டெஸ்ட்களில் 224, 227 என்று இரட்டைச் சதம் அடித்தவர். 17 டெஸ்ட்களில் சராசரி 54.20, இருபத்து மூன்று வயதோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. தன் குடியைப் பற்றி அவரே பிற்பாடு பேசினார், விட்டுவிட்டதாகவும் சொன்னார். 2024 டிசம்பரில் குரு ரமாகாந்த் ஆச்ரேகரின் நினைவுச் சின்னத் திறப்பில் தளர்ந்த உடலோடு சச்சின் டெண்டுல்கரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த காட்சி கைத்தொலைபேசிகளில் பறந்தது. அதே மாதத்தில் தானேயில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். பார்த்தவர்களின் வியப்பு பெரும்பாலும் பரிதாபமாக இறங்கியது, ஏளனமும் இருந்தது. ஆனால் அந்தக் காட்சியையொட்டிய நாள்களில்தான் கபில் தேவ், சிகிச்சைக்குப் போக அவர் முன்வந்தால் 1983 உலகக் கிண்ண அணியினர் துணை நிற்போம் என்றார். 2025இல் சுனில் கவாஸ்கரின் அறக்கட்டளை மாதாந்த உதவியைத் தொடங்கியது. இந்த உதவியெல்லாம் கிரிக்கெட்டுக்குள்ளிருந்தே வந்தது. அந்தக் காணொளியைப் பகிர்ந்த இலட்சக்கணக்கான ரசிகர்களுக்கு இப்படி ஒன்றைச் செய்யும் வழக்கம் எதுவும் இன்னும் உருவாகவில்லை.