கடைசிக் கல் யார் கையில்?

விளையாட்டில் "கலப்பு" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு ஒரு கேள்வி வரும். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிறார்கள், சரி. முடிவெடுப்பது யார்? ஆட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசி வாய்ப்பு யார் கைக்குப் போகிறது? கர்லிங் விளையாட்டின் வரலாற்றைப் புரட்டியபோது இந்தக் கேள்விக்கு ஒரு சுவாரசியமான பதில் கிடைத்தது. குறிப்புகளாக இருந்ததைக் கோர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நீளமான பனித்தளம். மறுமுனையில் வட்டங்கள் வரைந்திருக்கும். சுமார் 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல்லைப் பனியில் சறுக்கிவிட்டு வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கல் போகும்போதே அணிக்காரர்கள் முன்னால் ஓடி, துடைப்பம் மாதிரி ஒன்றால் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் உராய்வு குறையும், கல் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். அணிக்கு நான்கு பேர், ஒரு சுற்றில் ஆளுக்கு இரண்டு கல். தலைவருக்கு 'ஸ்கிப்' என்று பெயர். அவர்தான் வட்டத்தில் நின்று எந்தக் கல்லை எங்கே விட வேண்டும் என்று சொல்வார். பெரும்பாலும் கடைசி இரண்டு கல்லும் அவருடையதுதான். சுற்றின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் பிறந்த இந்த ஆட்டத்தில் ஆண்களுக்கான உலகப் போட்டி 1959-இல் தொடங்கியது. பெண்களுக்கு 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கனடாவில் இரு பாலரும் சேர்ந்து ஆடும் தேசியப் போட்டி 1964-லேயே வந்துவிட்டது. இரண்டு ஆண், இரண்டு பெண், மாறி மாறிக் கல் விட வேண்டும். கேட்க ரொம்ப நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒரு பெண் ஸ்கிப்பாக இருந்து அந்தப் பட்டத்தை முதன்முறையாக வென்றது 2004-இல்தான். ஆல்பர்ட்டாவின் ஷனன் கிளைப்ரிங்க். நாற்பது வருஷம்! அத்தனை காலமும் எண்ணிக்கையில் சமமாக இருந்த வெற்றி அணிகளில், வட்டத்தில் நின்று உத்தரவு போட்டது ஆம்பளைதான். விதி எண்ணிக்கையைச் சொன்னது, அதிகாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஐரோப்பாவில் இந்த நால்வர் கலப்புப் போட்டி 2005-இல் அந்தோராவில் தொடங்கி 2014 வரை நடந்தது. 2015-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அது உலகப் போட்டியாக வளர்ந்தது. முதல் பட்டம் நார்வேக்கு. இங்கே விதி ஒரு படி மேலே போனது: ஸ்கிப் ஆணாக இருந்தால் துணை ஸ்கிப் பெண்ணாக இருக்க வேண்டும், அவர் பெண்ணென்றால் இவர் ஆண். ஆனால் இந்த ஆட்டம் ஒலிம்பிக்ஸ் பக்கமே போகவில்லை. அங்கே நுழைந்தது இதன் தம்பி, 'கலப்பு இரட்டையர்'.

இரட்டையர் ஆட்டம் பரம்பரையாக வந்ததல்ல. கான்டினென்டல் கப் போட்டிக்காகவே உருவாக்கினார்கள். கனடாவின் ரெஜைனா நகரில் 2002-இல் அந்தக் கோப்பை முதலில் நடந்தது. அடுத்து இதை 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில் சேர்க்கக் கேட்டார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2006-இல் முடியாது என்று சொல்லிவிட்டது. மனம் தளராமல் 2008-இல் பின்லாந்தின் வியெருமாகியில் உலகப் போட்டியை ஆரம்பித்தார்கள். 2015-இல் கமிட்டி ஒப்புக்கொண்டது. 2018 பியோங்சாங்கில் ஆடியே விட்டார்கள்.

இரண்டு பேர் போதும் என்பதால் சின்ன நாடுகளுக்குக் கதவு திறந்தது. கர்லிங்கில் ஒலிம்பிக்ஸையே எட்டிப் பார்க்காத ஹங்கேரி 2013-லும் 2015-லும் உலகப் பட்டம் வாங்கியது. டொரோட்டியா பலன்ச்சா, ஜோல்ட் கிஷ் என்ற ஒரே ஜோடிதான் இரண்டு முறையும்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இரட்டையரில் ஒரு சுற்றுக்கு ஐந்து கல் விட வேண்டும். ஒருவர் முதல் கல்லையும் ஐந்தாவதையும் விடுவார், மற்றவர் நடுவில் உள்ள மூன்றை. பெரும்பாலான ஜோடிகளில் முதலும் கடைசியும் பெண்ணுக்குத்தான். 2018-இல் தங்கம் வென்ற கனடாவின் கெய்ட்லின் லாஸ், 2022-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வென்ற இத்தாலியின் ஸ்டெஃபானியா கான்ஸ்டான்டினி, இருவரும் அப்படித்தான் ஆடினார்கள். காரணம் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். தேய்க்க ஆளில்லை, அதுதான் காரணம். கடைசிக் கல் கிளம்பிய நொடியிலிருந்து பலமான கை தேய்க்கத் தயாராக இருக்க வேண்டும். ஆகவே ஆணைத் துடைப்பத்தோடு விட்டுவிட்டு, பெண்ணிடம் கல்லைக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பெண்ணின் தோள் வலு குறைவு என்ற பழைய கணக்குதான் அவளிடம் கடைசிக் கல்லைக் கொண்டுவந்தது. ஆனாலும் பலன் உண்மையானது. உலகமே பார்க்கும்போது ஆட்டத்தை முடித்துவைக்கும் பொறுப்பு அவளுடையதாகிவிட்டது.

தேய்ப்பதே இல்லாத கர்லிங்கும் உண்டு. சக்கர நாற்காலி கர்லிங். 2006 டூரின் பாராலிம்பிக்ஸிலேயே அது கலப்பு அணியாகத்தான் நுழைந்தது, ஒலிம்பிக்ஸுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே. யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. களத்தில் இருக்கும் நான்கு பேரில் இரு பாலரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரே ஒரு பெண் இருந்தாலும் விதி நிறைவேறிவிடும். கனடாவின் சோன்யா கோடெட் 2006, 2010, 2014 என மூன்று தங்கம் வென்றார். பின்னிரண்டிலும் அவரோடு இனா ஃபாரஸ்டும் இருந்தார். அந்த இரண்டு முறையும் ஸ்கிப், ஜிம் ஆம்ஸ்ட்ராங்.

தேய்க்கும் தேவை இல்லாத இடத்தில் தோள் வலு ஒரு சாக்காகக்கூட நிற்காது. அங்கேயும் வட்டத்தில் நின்று உத்தரவு போட்டவர் ஆண்தான் என்றால், அது பனியின் இயற்பியலால் வந்ததல்ல, பழக்கத்தால் வந்தது. ஒரு போட்டியில் "கலப்பு" என்று போட்டிருந்தால் இனி நான் அணியில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவதோடு நிறுத்த மாட்டேன். கடைசிக் கல்லை யார் விடுகிறார், அதை எங்கே விடச் சொன்னது யார் என்றும் பார்ப்பேன்.