பெரியவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க: குடும்ப வரலாறு தேடுவது எப்படி? (த்ரெட்)

1/ ஓ.பி.யில தினமும் கேட்கிற கேள்வி: "குடும்பத்துல யாருக்காவது சுகர், ஹார்ட் அட்டாக் இருக்கா?" அப்பா, அம்மா வரைக்கும் பதில் வரும். தாத்தான்னு கேட்டா, "சின்ன வயசுலயே போயிட்டாராம், என்னன்னு தெரியலைங்க." என் கதையும் அதேதான். எல்லாம் தெரிஞ்ச என் அப்பாயி, நான் எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே போயிட்டாங்க. நான் எதுவும் கேட்டு வைக்கல.

2/ அதனால முதல் படி வீடுதான். வயசானவங்ககிட்ட வருஷத்தைக் கேட்காதீங்க, சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்க. "தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" (1964 டிசம்பர்). "அண்ணா முதலமைச்சர் ஆனப்போ பெரிய மாமா பிறந்துட்டாரா?" (1967). போன்ல ரெக்கார்டு பண்ணிக்கோங்க.

3/ பள்ளிச் சான்றிதழ்ல இருக்கிற பிறந்த தேதியை அப்படியே நம்பாதீங்க. தலைக்கு மேல கையைக் கொண்டுபோய் காதைத் தொட வச்சு, வாத்தியார் தோராயமா எழுதின தேதிகள் ஏராளம்.

4/ அடுத்து பிறப்பு, இறப்புப் பதிவேடு. சென்னை மாகாணத்துல இதுக்கு 1899-லயே சட்டம் வந்துடுச்சு. நாடு முழுக்க ஒரே சட்டம் வந்தது 1969-ல. பழைய பதிவுகள்ல பல நேரம் குழந்தை பேரே இருக்காது, "ஆண்", "பெண்" மட்டும்தான். அப்பா பேரையும் ஊரையும் வச்சுத் தேடுங்க.

5/ நிலம் இருந்த குடும்பமா? தாய்ப்பத்திரத்தை எடுங்க. "இன்னார் மகன் இன்னார்"னு ஒரே வரியில ரெண்டு தலைமுறை கிடைக்கும். பாட்டிகள் பேர் அதுல குறைவு. அதை வாயால கேட்டாத்தான் உண்டு.

6/ நிலம் இல்லாதவங்க வரலாறு சில சமயம் கப்பல்ல இருக்கு. 1860-ல சென்னையில இருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 ஒப்பந்தத் தொழிலாளர்களோட நவம்பர் 16-ல டர்பன் போய்ச் சேர்ந்தது. இந்த மாதிரி கப்பல் பட்டியல்கள்ல பேர், அப்பா பேர், வயசு, சொந்த ஊர் எல்லாம் எழுதியிருக்காங்க. மொரீஷியஸ் போனவங்களோட ஆவணங்கள் அங்கே மோக்காவுல, மகாத்மா காந்தி நிறுவனத்துல இருக்கு.

7/ கடைசியா டாக்டரா ஒண்ணு. பழைய பதிவுல "சுரம்"னு இருந்தா, அது நோயோட பேர் இல்ல. வீட்ல "காத்து கருப்பு அடிச்சுது"ன்னு சொன்னாலும் விடாதீங்க. நெஞ்சைப் பிடிச்சாரா? கால் வீங்குச்சா? விரலை எடுத்தாங்களா? அப்போ என்ன வயசு? அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயசுக்குள்ள, அம்மாவோ அக்கா தங்கச்சியோ 65-க்குள்ள மாரடைப்பு வந்தவங்கன்னா, உங்க டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

8/ ஆவணம் அடுத்த வருஷமும் ஆபீஸ்ல இருக்கும். பாட்டி இருப்பாங்களான்னு தெரியாது. இந்த ஞாயித்துக்கிழமையே போய் உட்காருங்க.