சுங்கத் தரவு ஒத்திசைவு: யாழ்ப்பாணக் குடாநாடு

சரக்கை எந்தப் பெயரில், எந்த வகையில் பதிவது, அதைப் பற்றி என்னென்ன விவரங்கள் கேட்பது என்பதை எல்லா வணிகருக்கும் ஒரே விதமாக்கும் ஏற்பாடே சுங்கத் தரவு ஒத்திசைவு. குடாநாட்டில் இதோடு ஒப்பிடத்தக்க பழைய சான்று, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் படித்து வெளியிட்டார்.

அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூட வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது ஆணை. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. மற்ற வாணிபக் கலமென்றால் சரிபாதி. உடைந்த கலத்தின் சரக்கு முழுவதையும் கரையை ஆள்பவரே எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல கரைகளில் இருந்த காலத்தில், இது வணிகருக்குப் பெரிய ஆறுதல். சரக்கை வகை பிரித்து, வகைக்கொரு வீதம் வைத்து, துறையில் வழங்கிய தமிழிலேயே கல்லில் பொறித்திருக்கிறார்கள். இன்றைய சுங்க அட்டவணையும், உடைந்த கலத்துக்கன்றி வந்திறங்கும் சரக்குக்கு, இவ்வாறே வகைக்கொரு வீதம் வைக்கிறது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், வன்னி யானைகளை ஆனையிறவு வழியாக நடத்தி வந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினர். யானையின் உயரத்தை அளந்து விலை வைத்தனர். சங்கும் புகையிலையும் பனைமரமும் குடாநாட்டிலிருந்து ஏற்றுமதியாயின. ஆங்கிலேயரின் 1869ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் தீவு முழுவதற்கும் ஒரே நடைமுறையை வைத்தது. பலமுறை திருத்தப்பட்டும் சுங்கத்தின் அடிப்படைச் சட்டம் இன்றும் அதுவே.

நாடுகளுக்கிடையிலான ஒத்திசைவு பிரசெல்ஸ் நகரில் உருவானது. இன்று உலகச் சுங்க அமைப்பு எனப்படும் நிறுவனம் அங்கே 1952இல் தொடங்கியது. 1983இல் ஒப்பந்தமாகி 1988 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த ஒத்திசைவுக் குறியீட்டு முறை, பொருள்களுக்கு ஆறு இலக்க எண் கொடுக்கிறது. இலங்கை மேலும் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்கிக்கொள்கிறது. நயினாதீவுக் கல்லில் அருகருகே நிற்கும் குதிரைக்கும் யானைக்கும் இங்கே தனித்தனி இடம்: குதிரைக்கு 0101, யானை, மற்ற உயிருள்ள விலங்குகளோடு 0106இல்.

குடாநாட்டின் இன்றைய கடற்சரக்கில் கடலட்டையின் கதை கவனிக்கத் தக்கது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அதற்குத் தனித் தலைப்பு இல்லை. கணவாய், சிப்பிகளோடு 0307இல் கிடந்தது. எந்த நாடு எவ்வளவு விற்கிறது என்பதை ஆறு இலக்கக் கணக்கிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. 2012 பதிப்பில் 0308 என்ற தலைப்பும் அதனுள் கடலட்டைக்கென உட்பிரிவும் வந்தன. பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் இப்போது எண் ஒன்று, சட்டம் இரண்டு. இந்தியா 2001 முதல் கடலட்டை பிடிப்பதைத் தடைசெய்திருக்கிறது. இலங்கையில் உரிமத்தோடு பிடிக்கவும் வளர்க்கவும் செய்கிறார்கள். குறியீடு சரக்கை அடையாளம் காட்டும். அக்கரையில் பிடித்ததை இக்கரைச் சரக்காகக் காட்டி ஏற்றினால் அதைக் கண்டுபிடிக்கக் கடலில் காவல் வேண்டும்.

எண் ஒன்றானால் போதாது, பத்திரமும் ஒன்றாக வேண்டும். ஏற்றுமதியாளர் ‘கஸ்டெக்’ என்று சொல்லும் சுங்கப் பிரகடனம், ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டு அமைப்பு உருவாக்கிய அசிகுடா கணினி முறையில் பதிவாகிறது. பிரகடனத்தில் கேட்கப்படும் விவரங்களை ஒரே சீராக்கும் வேலையை ஜி7 நாடுகள் 1996இல் தொடங்கின. பின்னர் அது உலகச் சுங்க அமைப்பின் தரவு மாதிரியாயிற்று. எல்லை நடைமுறைகளை எளிதாக்கும் உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை 2017 பெப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டே இலங்கை அதை ஏற்றிருந்தது.

போர்க்காலத்தில் குடாநாட்டுத் துறைகளின் அயல்நாட்டு வணிகம் அற்றுப்போனது. போருக்குப் பின், பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இரண்டு இடத்திலும் சுங்கத்தின் முதன்மை வேலை பயணிகளின் பொதிகளைப் பார்ப்பதே. தீவகத்துக் கடலட்டையும் நண்டும் கொழும்பு, கட்டுநாயக்கா வழியாகவே வெளியேறுகின்றன. பிறப்பிடம் என்ற கட்டத்தில் விழுவது நாட்டின் பெயர். எட்டு இலக்கத்தில் மாவட்டத்துக்கு இடமில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து ஆண்டுதோறும் என்ன போகிறது என்று கேட்டால் அந்த எண் பதில் சொல்லாது. உலகத் தரநிலை பொதுவாகக் கேட்பது முதல் ஆறு இலக்கத்தை மட்டுமே என்பதால், உற்பத்தியான மாவட்டத்தையும் ஏற்றுமதிக் கணக்கில் காட்ட இலங்கைக்கு எந்தத் தடையும் இல்லை. காங்கேசன்துறையைச் சரக்குத் துறைமுகமாக வளர்க்க வேண்டும் என்று வாதிடுவோர் முதலில் கேட்டுப் பெற வேண்டிய விவரம் அது.