சாய்பலகையும் செவ்ரான் பெல்ட்டும்: சிங்கப்பூரில் சரக்கு மேடேறிய வரலாறு

உட்லண்ட்ஸிலிருந்து கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கம் போகிறவர்கள் ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலைகளின் உயரமான தொட்டிகளைப் பார்த்திருப்பார்கள். தரையில் குவித்த ஜல்லியும் மணலும் அந்தத் தொட்டிகளின் தலைக்கு ஏற வேண்டும். இடம் தாராளமாக உள்ள ஆலையில் வழுவழுப்பான பெல்ட் நீண்ட சாய்வில் ஏறிப் போகும். இடம் குறுகினால் சாய்வு செங்குத்தாகிவிடும். பெல்ட்டின் முதுகிலும் அம்புமுனை போன்ற ரப்பர் வரிகள் எழும்பிவிடும். தொழிலில் இதற்குச் செவ்ரான் பெல்ட் என்று பெயர். வழுவழுப்பான பெல்ட்டின் முன்னேறிய வடிவம் என்று இதைச் சொல்லும் வழக்கம் உண்டு. அது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். நிலப் பற்றாக்குறைதான் இதைப் பெற்றெடுத்தது.

சிங்கப்பூரில் கட்டுமானச் சரக்கு நகர்ந்த கதையில் தமிழர் ஆரம்பத்திலேயே வருகிறார்கள். 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை வைத்தார். செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்த சிராங்கூன் சாலை வட்டாரத்தைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். அந்நாளில் செங்கல்லும் சுண்ணாம்பும் மனிதத் தலையிலும் தோளிலும்தான் மேலேறின. 1933ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் ஆண்களின் வருகைக்கு வரம்பு கட்டிய பிறகு, சிவப்புத் தலைத்துணி கட்டிய சம்சுய் பெண்கள் பெருமளவில் வந்து கட்டட வேலையில் அதே சுமையைத் தூக்கினார்கள்.

சுமையோடு ஏறும் கால் வழுக்காமலிருக்கச் சாய்பலகையின் குறுக்கே ரீப்பர் கட்டை அடிப்பது கொத்தனார் வழக்கம். நம் ஊர்ச் சித்தாள் சட்டியைச் சுமந்து ஏறும் பலகையிலும் அதைக் காணலாம். தூக்குவதற்கு வலு போதாமல் அடித்த கட்டை அல்ல அது. சறுக்கலை நிறுத்த அடித்தது. செவ்ரான் வரியின் வேலையும் அதுதான். பலகையில் ஆள் நகர்ந்தார், கட்டை நின்றது. பெல்ட்டில் கட்டையே சரக்கைத் தாங்கிக்கொண்டு நகர்கிறது.

உட்லண்ட்ஸ் கண்ட முதல் பெரும் சரக்கு வேலை ஜொகூர் பாலம். 1919இல் தொடங்கிய பணி. 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும், அக்டோபர் 1ஆம் தேதி பயணிகள் ரயிலும் அதன் மேல் ஓடின. 1924 ஜூன் 28 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 1,056 மீட்டர். புலாவ் உபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கல்லைக் கடலில் கொட்டியே அதை எழுப்பினார்கள். கொட்டுவது கீழ்நோக்கிய வேலை. பாதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது.

அடுத்த பெரும் வேலை உட்லண்ட்ஸுக்கு வெகு தொலைவில், கிழக்குக் கடற்கரையில் நடந்தது. 1966இல் தொடங்கிய கடல் தூர்ப்புத் திட்டத்துக்காக சிக்லாப், பிடோக் பக்கத்துக் குன்றுகளைச் சக்கர வாளி எந்திரங்கள் கொண்டு வெட்டினார்கள். மண் திறந்தவெளிப் பெல்ட்டில் கரைக்கு வந்து, படகுத்துறையில் சரக்குப் படகில் ஏறியது. பல கட்டங்களில் 1,525 ஹெக்டேர் நிலம் கிடைத்தது, செலவு 61.3 கோடி வெள்ளி. குன்றிலிருந்து கடலுக்கு என்பதால் இதுவும் பெரும்பாலும் இறக்கப் பாதைதான். மேட்டை எதிர்த்துப் போராடும் தேவை அதிகம் எழவில்லை.

திசையை மாற்றியது மாடி வீடு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கிய பின், உட்லண்ட்ஸ் உட்பட நகரங்கள் வானை நோக்கி எழுந்தன. கான்கிரீட் ஆலையில் சரக்கை முதலில் மேலேற்றி, பிறகு தன் எடையில் தானே கலவை எந்திரத்துக்குள் விழ விடுவார்கள். 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழுவழுப்பான பெல்ட்டுக்குரிய 18 பாகைச் சாய்வில் தரையில் சுமார் 62 மீட்டர் நீளம் வேண்டும். செவ்ரான் பெல்ட் ஏறும் 30 பாகையில் 35 மீட்டர் போதும். மிச்சமாகும் 27 மீட்டரில் லாரிகள் திரும்பலாம். சிங்கப்பூரில் அந்த 27 மீட்டருக்கு என்ன விலை என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

பெல்ட்டின் கதையை 1890களில் நியூஜெர்சியில் எடிசனின் இரும்புத்தாது ஆலையிலிருந்து தொடங்குவது மரபு. அங்கே துணிப் பெல்ட் விரைவில் தேய்வதைக் கண்ட தாமஸ் ராபின்ஸ், மேலே தடித்த ரப்பர் உறை போட்டார். அந்த ரப்பருக்கும் சிங்கப்பூருக்கும் ஓர் உறவு உண்டு. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் இங்கே வந்தன. பிறகு தாவரவியல் தோட்டத்தை நடத்திய ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மீன்முள் வடிவில் கீறிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். பால்மரக் காடுகளில் தமிழர் எத்தனையோ லட்சம் முறை வெட்டிய அந்தக் கோடும் செவ்ரான் வரியும் ஒரே சாயலில் இருப்பது தற்செயல்தான். ஆனாலும் பெல்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பால்மரம் நினைவுக்கு வருகிறது.

வழுவழுப்பான பெல்ட்டில் ஜல்லி ஏறத்தாழ 18 பாகைக்கு மேல் ஏறாது. ஈர மணல் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். உருண்டைக் கூழாங்கல் அதற்கும் முன்பே உருளத் தொடங்கும். தரையில் குவித்தால் இதைவிடச் செங்குத்தாக நிற்கும் அதே ஜல்லி, பெல்ட்டில் ஏன் சறுக்குகிறது? ரோலருக்கு ரோலர் பெல்ட் தொய்ந்து நிமிர்கிறது. அந்த ஓயாத குலுக்கலில் குவியல் தளர்கிறது.

செவ்ரான் பெல்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது வரியின் உயரம். 15, 25, 32 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் கிடைக்கின்றன. துண்டு பெரிதாகவும் சாய்வு கடுமையாகவும் ஆக ஆக உயரமும் கூடவேண்டும். அடுத்தது வடிவம். நடுவில் மூடிய அம்புமுனை நீரைத் தேக்கும். நடுவில் திறந்தது வடிய விடும். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், கூரையில்லாத பெல்ட்டுக்குத் திறந்த வடிவமே பொருந்தும் என்பது என் கணிப்பு. வரிகள் உறையோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கவேண்டும். பின்னால் ஒட்டிய வரி என்றைக்காவது உரியும். விளிம்பில் ஒரு பட்டை வழுவழுப்பாக இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். சரக்கு சிதறாமல் தடுக்கும் பக்க ரப்பர் அங்கேதான் உரசுகிறது.

2007 பிப்ரவரியில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது சிங்கப்பூர் தன் சேமிப்பு மணலைத் திறந்துவிட்டு வேறு நாடுகளை நாடியது. மணல் மாறினால் அதன் ஈரமும் பொடியும் மாறும். முன்பு சரியாக ஏறிய பெல்ட்டில் புது மணல் ஒட்டிக்கொள்ளலாம். கொள்முதல் மேசையில் இருப்பவர் இதைப் பெல்ட் கவனிப்பவரிடம் சொல்லாமல் விடுவது வழக்கமான தவறு.

பராமரிப்பில்தான் வரிப் பெல்ட்டின் உண்மை விலை தெரியும். வழுவழுப்பான பெல்ட்டைத் தகட்டு ஸ்கிரேப்பர் ஒரே வழிப்பில் துடைத்துவிடும். இங்கே அந்தத் தகடு வரியில் மோதி வரியைக் கிழிக்கும், இல்லாவிட்டால் தானே உடையும். அதனால் சுழலும் பிரஷ், தட்டிவிடும் ரோலர், நீர்ப்பீய்ச்சு ஆகியவை வேண்டும். திரும்பி வரும் பாதையில் பெல்ட் கவிழ்ந்து வரியோடு ரோலர் மேல் ஓடுகிறது; ரப்பர் வளையம் போட்ட ரோலர் இல்லையென்றால் தடதடவென்று அதிர்ந்து பேரிங் முதலில் போகும். இரண்டு முனைகளை இணைக்கும்போது வரிகளின் இடைவெளி பிசகாமல் பொருந்தவேண்டும். இதற்குச் சூட்டில் இணைப்பதே நம்பகமானது. சிமென்ட் கலந்த ஈரப்பொடி வரிகளின் இடுக்கில் இறுகுவதற்குள், ஷிஃப்ட் முடியும்போதே கழுவிவிடவேண்டும். மறுநாள் காலை அது கல்.

மின்சாரம் நின்றால் சுமையேற்றிய சாய்வுப் பெல்ட் பின்னோக்கி ஓடும். அதைத் தடுக்கும் பின்பூட்டை மாதம் ஒரு முறையாவது சோதிக்கவேண்டும். ஓடும் பெல்ட்டில் கையை விட்டுச் சுத்தம் செய்யக்கூடாது என்பதை இன்னொரு முறை எழுதுவதில் தவறில்லை. 2006இல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அபாயத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை முதலாளியிடமே வைக்கிறது.

கடைசியாக நெய்வேலியைப் பார்க்கலாம். 1957இல் தொடங்கிய சுரங்கத்தில் 1961இல் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. அங்கேயும் சக்கர வாளி எந்திரங்கள், அங்கேயும் பெல்ட். சுரங்கத்தின் ஆழத்திலிருந்து மேலே ஏறும் வேலையும் உண்டு. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் இருக்கிறது. சாய்வை நீட்டிக்கொள்ளலாம், ஆகவே வழுவழுப்பான பெல்ட்டே போதுகிறது. சிங்கப்பூரைவிட நெய்வேலிக்காரர் தொழில்நுட்பத்தில் பின்தங்கியவர் என்று இதற்குப் பொருளில்லை. புதிதாக ஆலை அமைப்பவர் முதலில் மனையை அளக்கட்டும். 18 பாகைக்கு இடமிருந்தால் வரிப் பெல்ட்டை வாங்க வேண்டாம்.