ஓடும் படகும் தூண்டிற்கோலும்

படகு நின்ற நிலையில் இருக்க மீன் பிடிப்பது ஒரு முறை. படகு ஓடிக்கொண்டிருக்க, இரையை அதன் பின்னே நீரில் இழுத்துச் செல்வது மற்றொரு முறை. சூரை, வாள்மீன் முதலிய விரைந்தோடும் பெருமீன்களைத் தேடுவோர் கையாள்வது இந்த இரண்டாவது முறையே. இதற்கேற்ற கோல் எது என்னும் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயின் அதற்கு விடை காண அரை நூற்றாண்டு சென்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் சாந்தா கட்டலினா என்றொரு தீவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அங்குள்ள அவலோன் என்னும் ஊருக்கு வந்த உல்லாசப் பயணிகள் தடித்த கைக்கயிறு கொண்டே மீன் பிடித்தனர். பிடித்தவற்றுட் பல உண்பாரின்றி அழுகின. இயற்கையியலறிஞரான சார்ள்ஸ் பிரெடெரிக் ஹோல்டர் இதனைக் கண்டு மனம் வருந்தினார். மீனுக்கும் தப்பிச் செல்ல ஒரு வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

1898ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் கோலும் மெல்லிய நூலும் கொண்டு 183 இறாத்தல் நிறையுள்ள சூரையொன்றைப் பிடித்தார். ஏறக்குறைய நான்கு மணி நேரம் அம்மீன் அவருடைய சிறு படகைக் கடலில் இழுத்தலைத்தது. அவ்வாண்டிலேயே அவலோனில் சூரைக் கழகம் தோன்றிற்று. மீனைப் பிறர் உதவியின்றித் தானே பிடித்தல் வேண்டும். கோல் முறியின் அம்மீன் கணக்கிற் சேராது என அக்கழகம் விதித்தது. கோலைத் தெரிந்தெடுப்பது அன்று முதல் மான அவமானத்துக்குரிய காரியமாயிற்று.

மெல்லிய கோலின்மேல் மோகம் கொண்டோர் சிலர் இன்னும் ஒரு படி சென்றனர். கோலின் நீளம் 6 அடிக்குக் குறையாது, நிறை 6 அவுன்சுக்கு மேற்படாது, நூல் 6 இழைக்கு மிகாது இருத்தல் வேண்டும் என வகுத்தனர். ஆளிச்செடி நார் நூலாகிய லினன் அக்காலத்து நூல். நனைந்தால் அதன் வலிமை கூடும்.

நீண்ட கோலன்றோ வலிமை மிக்கது எனக் கேட்கலாம். உண்மை அதற்கு மாறானது. கோல் ஒரு நெம்பு. மீன் நுனியில் இழுக்கிறது. மனிதன் அடியிற் பற்றியிருக்கிறான். கோல் நீள நீள மீனுக்கே நெம்பின் பயன் கூடுகிறது. தூர எறிவதற்கு நீண்ட கோல் நன்று. ஓடும் படகிலோ எறிதல் என்பதே இல்லை. இரையைப் படகே இழுத்துச் செல்கிறது. ஆழத்துட் பாய்ந்த மீனை மேலே தூக்குவதற்குக் குறுகிய, விறைப்பான கோலே உதவும். கோலை உயர்த்தி மீனை எழுப்பி, அதனைத் தாழ்த்தும்போது நூலைச் சுருட்டிக்கொள்வதே இங்குள்ள உத்தி.

நூலைச் சுற்றும் உருளையும் கோலின் கதியை மாற்றியது. முன்னர் மீன் ஓடும்போது உருளையின் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களை நொறுக்கும். உருளையின் உள்ளேயே தடையமைப்பை வைக்கும் எண்ணம் வில்லியம் பொஷென் என்பவருடையது. அத்தகைய உருளையைக் கொண்டு 1913இல் அவர் 355 இறாத்தல் வாள்மீனைப் பிடித்தார். கோலினால் பிடிக்கப்பட்ட முதல் வாள்மீன் அதுவே என்பர். இத்தகைய தடையுடன் நெடுநேரம் போராடுவதற்கு ஆறு அவுன்சுக் கோல் எங்ஙனம் போதும்? நாவலாசிரியர் சேன் கிரே கனத்த கருவியின் பக்கம் நின்றார். 1920இல் அவர் 418 இறாத்தல் வாள்மீன் ஒன்றைப் பிடித்துப் பெருமிதம் கொண்டிருந்தார். மெலிந்த உடலினரான ஒரு பெண்மணி அதனினும் பெரியதைப் பிடித்துவிட்டார். கிரே அதனை ஐயுற்றுப் பேசியதால் எழுந்த மனக்கசப்பு, அவர் கழகத்தை விட்டு நீங்குவதில் முடிந்தது. கோலின் கனம் பற்றிய வாதத்தில் கைத்திறனை மறந்தவர் அவர் ஒருவரல்லர்.

கோல் செய்த பொருள்களும் மாறின. கயானாவின் கிரீன்ஹார்ட் மரமும் அமெரிக்க ஹிக்கரி மரமும் முதலிற் பயன்பட்டன. அவற்றினும் சிறந்தது பிளந்த மூங்கில். ஆறு முக்கோணச் சிம்புகளை ஒட்டி ஒரே கோலாக்குவர். 'தொங்கின் மூங்கில்' என்னும் பெயர் வியட்னாமை நினைவூட்டினும், அது விளைந்தது சீனத்துக் குவாங்டொங் மாகாணத்திலேயே. 1950இல் அமெரிக்கா சீன வணிகத்தைத் தடைசெய்ததும் அம்மூங்கிலின் வரவு நின்றது. போருக்குப் பின் தோன்றிய கண்ணாடிநார்க் கோல் அதற்குமுன்பே கடைகளுக்கு வந்திருந்தமையால் மீன்பிடிப்போர் கைவிடப்படவில்லை. உப்புநீருக்கு அஞ்சாத பொருள் அது. லினன் நூலின் இடத்தையும், இலங்கையின் வடகரையில் தங்கூசி என வழங்கும் நைலோன் முதலிய செயற்கை நூல்கள் பிடித்தன.

1939இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் அளவுகளை உலகுக்குப் பொதுவாக்கியது. அதன் விதிப்படி, உருளைக்கு மேலுள்ள நுனிப்பகுதி 40 அங்குலத்துக்குக் குறையலாகாது. கீழுள்ள அடிப்பகுதி 27 அங்குலத்துக்கு மேற்படலாகாது. அடி நீண்டால் நெம்பின் பயன் மனிதன் பக்கம் சாய்ந்துவிடும். 1953இல் பெரு நாட்டின் கபோ பிளாங்கோக் கரைக்கப்பால் அல்பிரெட் கிளாசெல் 1,560 இறாத்தல் கரிய மார்லினைப் பிடித்ததும் இச்சங்கத்தின் ஏட்டிலேயே பதிவாயிற்று. போராட்டத்தின் நடுவே கோல் முறிந்து, நுனி அந்த 40 அங்குலத்திற் குறையுமாயின், மீன் எத்துணைப் பெரிதாயினும் அந்த ஏட்டில் அதற்கு இடமில்லை.