ஆயுள் பதினாறு

கோயம்புத்தூருக்குக் கிழக்கே அவினாசிச் சாலையின் இருமருங்கிலும் நூற்பாலைகளும் கலாசாலைகளுமாகப் பரந்து கிடக்கும் பீளமேட்டின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், சர்வஜன உயர்நிலைப் பள்ளி தோன்றிய 1924ஆம் ஆண்டையும், பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனம் ஏற்பட்ட 1926ஆம் ஆண்டையும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகியதையும் எடுத்துரைப்பது வழக்கம். அவை போற்றத் தக்க செய்திகளே. ஆயினும், பள்ளி மணியும் ஆலைச் சங்கும் பொழுதைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே, தைரியம் என்பது எது, ஒரு பிள்ளை ஆளாவது எப்படி என்பதைக் கொங்கு நாட்டுச் சிறுவர்களுக்குக் கோயில் வாசல்களில் இராமுழுக்கப் போதித்து வந்த ஆசான் ஒருவன் உண்டு. உடுக்கையடித்து அண்ணமார் சாமி கதை பாடும் பாட்டுக்காரனே அவன்.

பொன்னர் சங்கர் கதை என்றும் குன்னுடையாக் கவுண்டன் கதை என்றும் வழங்கும் அந்தப் பெருங்கதை, ஓரிரவில் பாடி முடிக்கக் கூடியதன்று. 1965ஆம் ஆண்டில் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து கொங்கு வாழ்வை ஆராய்ந்த பிரெண்டா பெக் என்னும் அம்மையார், பாட்டுக்காரர் ஒருவர் அதைப் பதினெட்டு இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். கவிஞர் சக்திக்கனல் அக்கதையின் ஏட்டு வடிவத்தைத் தமிழில் பதிப்பித்தார். பாட்டும் வசனமும் மாறி மாறி வர, பாட்டுக்காரர் ஒரு வரியை எடுத்துவிட, பின்பாட்டுக்காரர் அதை வாங்கிச் சொல்ல, உடுக்கையின் நடுக்கயிற்றை இடக்கை இறுக்கியும் தளர்த்தியும் பிடிப்பதற்கேற்ப ஓசை விம்மியும் தேம்பியும் எழ, கேட்போர் நடுவே தாயின் மடியில் தூங்கி விழுந்த குழந்தைகளும் போர்க்கட்டம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியசாமி, சின்னசாமி, பொன்னுசாமி என்று ஆண்மக்களுக்கும், அருக்காணி, நல்லதங்காள் என்று பெண்மக்களுக்கும் இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சூட்டப்பட்டு வந்தமைக்கு அந்த இரவுகளில் வேர் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

கதையின் கரு ஒரு வரத்தில் இருக்கிறது. பிள்ளையில்லாக் கொடுமையால் நெடுந்தவம் புரிந்த தாமரை நாச்சியாருக்குச் சிவபெருமான் இரு ஆண்மக்களையும் ஒரு பெண்மகவையும் அருளுகிறார். ஆனால் அந்த ஆண்மக்களின் ஆயுள் பதினாறே ஆண்டு என்று வரையறுத்து அருளுகிறார். பங்காளிகளின் கைக்கூலி பெற்ற மருத்துவச்சி ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடக் காத்திருக்க, தெய்வ சங்கல்பத்தால் அவர்கள் பிறந்தவுடனே காளி கோயிலின் அடியிலுள்ள குகைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பெற்றவளும் அறியாதபடி தேவியின் கையில் வளர்கிறார்கள். பதினாறு என்ற எண் நம் புராணங்களுக்குப் புதியதன்று. மார்க்கண்டேயனுக்கும் அதே ஆயுள்தான். அவன் சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டு காலனை வென்று என்றும் பதினாறாக நின்றுவிட்டான். அபிமன்யுவும் அந்தப் பிராயத்திலேயே, புகத் தெரிந்து மீளத் தெரியாத சக்கர வியூகத்துக்குள் நுழைந்து மாண்டான். கொங்கு நாட்டுப் பாட்டுக்காரனோ தன் வீரர்களுக்கு மார்க்கண்டேயனின் விடுதலையையும் தரவில்லை, அபிமன்யுவின் அறியாமையையும் தரவில்லை. தவணை இன்னது என்று தெரிந்தே அவர்கள் வளர வேண்டும். தெரிந்தே உழவும், வழக்குத் தீர்க்கவும், குதிரையேறவும், போர் புரியவும் வேண்டும். இக்கதையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

இருவரில் மூத்தவனாகிய பொன்னர் சாந்த சொரூபி. தவறு செய்தவனையும் ஒருமுறை பொறுத்துப் பார்ப்பவன். இளையவனாகிய சங்கர் கோபக்காரன். பேச்சு முடிவதற்குள் வாளின் பிடியில் கை போய்விடும் சுபாவத்தினன். சிறுவர்கள் எல்லோரும் சங்கராக இருக்கவே ஆசைப்படுவார்கள். அது பால்யத்தின் இயல்பு. ஆனால் பாட்டுக்காரன் சங்கரின் கோபத்தைக் கொண்டாடுகிறபோதே அதற்கு எல்லை கட்டுவதையும் மறப்பதில்லை. பெக் அம்மையார் பதிவு செய்த பாடத்தில் வரும் பன்றி வேட்டையை இதற்கு உதாரணமாகக் காட்டலாம். வயல்களை உழுது பாழாக்கும் கொம்பன் என்னும் காட்டுப் பன்றியை வேட்டையாடப் பெரும் பரிவாரத்தோடு புறப்படும் வீரர்கள், பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு பெண் நாயை ஒரு பொருட்டாக எண்ணாமல் வீட்டிலேயே விட்டுச் செல்கிறார்கள். போன இடத்தில் வேட்டை நாய்கள் மடிகின்றன, ஆட்கள் சிதறுகிறார்கள், சங்கரே நோய்ப்பட்டுக் கிடக்கிறான். அவமதிக்கப்பட்ட அந்தச் சிறு பிராணியின் மனக்குறையே இவ்வளவுக்கும் காரணம் என்று அறிந்து, அதனை வேண்டி வரவழைத்த பிறகுதான், அது பன்றியின் கீழே பாய்ந்து கவ்வ, சங்கரின் வேல் பன்றியின் உடலில் பாய்கிறது. மலையைப் பெயர்க்கத் துணிந்தவன் நாய்க்குட்டியின் முன் தணிந்து நிற்கும் இந்தக் கட்டத்தை, வீரனின் வளர்ச்சியைக் காட்டும் கட்டங்களில் தலைசிறந்ததாக நான் மதிக்கிறேன்.

முடிவும் அவ்வாறே. வேட்டுவரோடு நடக்கும் போரில் பகைவரின் வாள் சங்கரை வீழ்த்துவதில்லை. திருமாலாகிய மாயவர் எய்த அம்பு மார்பில் பட்டதும் தன் தவணை முடிந்தது என்று உணர்ந்து, தன் வாளின்மீது தானே விழுகிறான்; தம்பி போன வழியே அண்ணனும் போகிறான்; உடன் வந்த முரசறையும் பணியாளனாகிய சாம்புவனும் போகிறான். தங்கையாகிய தங்காள் ஒருத்தி எஞ்சுகிறாள். காடெல்லாம் தேடி அலைந்து, உடல்களைக் கண்டெடுத்து, தெய்வம் தந்த வல்லமையால் அண்ணன்மாரை அவள் எழுப்புகிறாள். எழுந்தவர்கள் தங்கையோடு சில வார்த்தை பேசி, விதித்த காலத்துக்கு மேல் உலகில் தங்குவது தகாது என்று சொல்லி மறுபடியும் வீழ்கிறார்கள். தமையன்மார் இருவரும் பதினாறோடு நின்றுவிட, அவர்களுக்குப் பின்னும் எஞ்சி நின்று துயரத்தைச் சுமந்தவள் அவள்தான். மூவரிலும் மிகுந்த தைரியம் அவளுடையதே என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசி மாதத்தில் நடக்கும் பெருவிழாவிலும், கொங்கு நாட்டு அண்ணமார் கோயில்கள் பலவற்றிலும், படுகளம் என்ற சடங்கு இந்த முடிவை ஊரார் கண்முன் நிறுத்துகிறது. உடுக்கையொலி உச்சத்தை எட்டுகையில், விரதமிருந்த இளைஞர்கள் அருள் வந்து ஆடி, வெட்டுண்டவர்போல் ஒருவர்பின் ஒருவராக மண்ணில் சாய்கிறார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துகிறார்கள். தாய்மார்கள் அழுகிறார்கள், அந்த அழுகையில் பாவனை இல்லை. பின்னர்த் தங்காளின் ஸ்தானத்தில் நிற்கும் பெண் தீர்த்தம் தெளித்து வர, கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுகிறார்கள். ஒரு சமூகம் தன் வாலிபர்களை ஒரு நாழிகை மரணத்துக்குக் கொடுத்து, மீண்டும் ஒரு பெண்ணின் கையால் பெற்றுக்கொள்ளும் இதைக் காட்டிலும் கடுமையான பாடம் எந்தக் கலாசாலையிலும் இல்லை.

ஆலைகளின் காலம் வந்தது, இரவுகள் ஷிப்டுகளாயின. சிங்காநல்லூரில் சென்டிரல் ஸ்டூடியோவும், நகரில் பட்சிராஜாவும் எழுந்து, கோயம்புத்தூரே தமிழ் சினிமாவின் உலைக்களங்களுள் ஒன்றாயிற்று. நாமக்கல் கவிஞரின் நாவலைக் கொண்டு பட்சிராஜா 1954இல் எடுத்த ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆர். தோன்றியபோது, மக்களின் வீரதாகம் திரைக்கு இடம் மாறியது. அந்தப் புதிய வீரன் திரையில் நுழையும்போதே முழு வளர்ச்சி பெற்றவன். அவனுக்குக் குகையில்லை, தவணையில்லை. அதே படத்துக்கு வசனம் எழுதிய மு. கருணாநிதியே பிற்காலத்தில் ‘பொன்னர் சங்கர்’ நாவலை எழுதினார். அது 2011இல் திரைப்படமும் ஆயிற்று. அரண்மனையும் ஆடம்பரமும் அதில் குறைவின்றி இருந்தன. உடுக்கையின் பதினெட்டு இரவுகள் தரும் நிதானத்தை சில மணிநேரக் காட்சி தர இயலாது என்பதும் அதில் புலப்பட்டது.

தவணை தெரிந்து நின்ற இளைஞர்களைப் பீளமேட்டுப் பக்கம் கதையில் மட்டுமே கண்டதென்றும் சொல்வதற்கில்லை. ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்களான சின்னியம்பாளையத்து இளைஞர் நால்வர், ஆலைத் தகராறையொட்டி எழுந்த கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1946 ஜனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற அப்பெயர்களை அவ்வூர் இன்றும் ஆண்டுதோறும் கூடி நினைவுகூர்கிறது.

அண்ணமார் கதையின்பால் எவ்வளவு பக்தி இருந்தாலும், அதில் ஒரு குறை என் கண்ணில் படாமல் இல்லை. காட்டைத் திருத்தி வயலாக்கிய உழவரின் பக்கம் நின்று பாடப்பட்ட கதை அது; காட்டையே வீடாகக் கொண்டிருந்த வேட்டுவர் அதில் பகைவராக மட்டுமே வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அந்தப் போரில் அநாதைகளாகியிருப்பார்கள். சாம்புவனோ கதை நெடுக உடன் வருகிறான், முரசறைகிறான், எஜமானர்களோடு மடிகிறான், கோயில்களில் அவனுக்கும் சிலை உண்டு. ஆனால் அவன் சிறுவனாக இருந்ததும், பசித்ததும், பயந்ததும், பயத்தை வென்றதும் பாட்டில் இல்லை. அவனைப் போன்ற தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளையின் பால்யத்துக்குக் கொங்கு இலக்கியம் ஒரு முழு நூலை ஒதுக்க 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில், பண்ணையத்துக் கவுண்டரின் ஆடுகளை மேய்க்கும் கூளையன் என்னும் சிறுவன் வாளேந்தவில்லை, குதிரையேறவில்லை. ஆட்டுக்குட்டிகளைப் பேர் சொல்லி அழைத்தும், அடிபட்ட உடம்போடு மறுநாள் காலையில் பட்டியைத் திறந்தும், எஜமானின் மகனோடு விளையாட்டில் சமமாக நின்று வேலையில் தணிந்து போகக் கற்றும் அவன் வளர்கிறான். அவனுடைய வெயிலும் பசியும் பதினெட்டு இரவுகள் உடுக்கையோடு பாடப்படும் தகுதி பெற்றவை. பாடுவதற்கு ஒரு பாட்டுக்காரன் இன்னும் முன்வரவில்லை.